காப்புக்கைச்செருப்பேந்துகடமை

மேல்நாட்டு மேதாவிகள் பல காலமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒரு மொழிச் சிக்கலை, 1934-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எடப்பாடி தீர்த்து வைத்தது. பெர்லினுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. எட்டியிருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள்.

எடப்பாடி நெசவாளர் ஊர். அங்கே நூலறியாதவர் எவருமில்லை. அந்த நூலறிவு பொங்கி வழிந்ததில் உண்டானதுதான் 'எடப்பாடி அகில உலகச் சொல்லாக்கச் சங்கம்'. தலைவர், சாயப்பட்டறை முதலாளி சண்முகவேல். இலக்கியத்துக்குப் பண்டிதர் சுவாமிநாதன். செயலாளர், பள்ளிக்கூட வாத்தியார் அருணகிரி. அகில உலகமும் இந்த மூவருக்குள்ளேயே அடங்கிவிட்டபடியால், கூட்டத்துக்கு 'கோரம்' என்கிற ஆள்கணக்கு என்றைக்குமே குறைந்ததில்லை.

அருணகிரிக்குச் செயலாளர் பதவி சும்மா வந்துவிடவில்லை. சேலத்தில் ஒரு பாதிரியார் ஊரைவிட்டுப் போகும்போது போட்டுவிட்டுப் போன ஜெர்மன் - இங்கிலீஷ் அகராதி அவரிடம் இருந்தது. அதில் 'ஹெச்' எழுத்தில் தொடங்கும் சொற்களை மட்டும் கரையான் முழுக்கக் கற்றுத் தேர்ந்துவிட்டது. மிச்சமெல்லாம் அருணகிரிக்கு. எட்டு வருஷமாக அந்த அகராதியைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, யாராவது வந்து ஜெர்மன் பாஷையில் ஒரு சந்தேகம் கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தார் மனிதர்.

கேட்க வந்தவன் அம்மாசி.

அம்மாசி சண்முகவேலின் பட்டறையில் நூலுக்குச் சாயம் ஏற்றுபவன். சித்திரையில் ஜெர்மனியிலிருந்து ஒரு பீப்பாய் சாயம் வந்து இறங்கியிருந்தது. எத்தனை துவைத்தாலும் வெளுக்காத நீலம். சோடாக்காரம் போட்டுக் கரைத்து, சூடாக இருக்கும்போதே நூலை முக்கி எடுக்கவேண்டும். அம்மாசி வெறுங்கையால் முக்கினான். மூன்றாம் நாள் விரலெல்லாம் கொப்புளம். பத்தாம் நாள் சோறு பிசைய முடியவில்லை. பெண்சாதி சின்னாயி ஊட்டிவிட்டாள்.

"வாத்தியாருங்க, பீப்பா மேல செவப்பு மையில என்னமோ போட்டிருக்குதுங்க" என்றான் அம்மாசி, சங்கத்தின் வாசலுக்கு வெளியே நின்றபடி. "கைக்கு ஏதாச்சும் பக்குவம் சொல்லியிருப்பானாட்ட இருக்குதுங்க. சித்த படிச்சுச் சொன்னீங்கன்னா, புண்ணியமாப் போகுமுங்க சாமி."

அருணகிரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையைப் பார்த்து அல்ல. பாஷையை நினைத்து.

மூவரும் பட்டறைக்குப் போய்ப் பீப்பாயைப் பார்வையிட்டார்கள். அதன் மேல் இருந்தது ஒரே ஒரு சொல். 'ஷுட்ஸ்ஹாண்ட்ஷூட்ராகப்ஃபிளிக்ட்.' அருணகிரி விரல் வைத்து எண்ணினார். இருபத்தேழு எழுத்து.

"நட்சத்திரங்கள் எத்தனையோ அத்தனை!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் பண்டிதர்.

சொல்லுக்குக் கீழே ஒரு கையின் படமும் இருந்தது. அதை யாரும் எண்ணவில்லை.

சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு ஒரு கூட்டம் என்று சங்கம் தீர்மானித்தது. முதல் துண்டு 'ஷுட்ஸ்', அகராதிப்படி 'காப்பு'. காப்பு என்றால் பாதுகாப்பா, கையில் போடும் வளையலா, நூலின் தொடக்கத்தில் பாடும் கடவுள் வாழ்த்தா என்பதிலேயே வைகாசி ஓடிவிட்டது. 'ஹாண்ட்' கரையானின் வயிற்றில் இருந்தாலும், இங்கிலீஷை வைத்து அருணகிரி ஊகித்துவிட்டார்: கை. அடுத்தது 'ஷூ', செருப்பு. அதற்கடுத்த 'ட்ராக' என்பதற்கு அகராதி இரண்டு பொருள் சொன்னது: ஏந்துதல், அணிதல். முதலில் நிற்பவரை விட்டுவிட்டு இரண்டாமவரை அழைப்பது சபை மரியாதை ஆகாது. எனவே ஏந்துதல். கடைசித் துண்டு, கடமை.

ஆனி முப்பதாம் தேதி அருணகிரி எல்லாவற்றையும் சேர்த்து எழுந்து நின்று வாசித்தார். "காப்புக்கைச்செருப்பேந்துகடமை! அதாவது, காப்பின் பொருட்டுச் செருப்பைக் கையில் ஏந்துதல் கடமை!"

சண்முகவேல் தொடையைத் தட்டினார். "அட, இது நம்மூரு வழக்கமாச்சுங்களே! அம்மாசி ஆளுக நம்ம வீதிக்குள்ள வந்தா, செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துட்டுத்தானே நடக்கறாங்க? செருமனிக்காரன் இங்கிருந்துதானுங்க வாத்தியாரே கத்துட்டுப் போயிருக்கறான்!"

"எதற்குக் காப்பு என்று ஓர் ஐயம்..." என்று இழுத்தார் அருணகிரி.

"மருவாதைக்குத்தான். வேறெதுக்கு?"

மொழிபெயர்க்கவே முடியாது என்று உலகம் கைவிட்ட ஜெர்மானியச் சொற்களுக்கெல்லாம், பொருள் எடப்பாடி வீதியிலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது! பண்டிதர் ஆனந்தக் கண்ணீரை மேல்துண்டால் துடைத்துக்கொண்டார்.

வாசலில் நின்ற சின்னாயிக்கு மட்டும் ஆனந்தம் வரவில்லை. "ஏனுங்க சாமி, அந்தப் படத்துல இருக்கற கைக்கு உறை மாட்டியிருக்குதுங்களே. தலகாணிக்குப் போடறாப்பல. அதைத்தான் எழுதியிருக்கறாங்களோ என்னமோங்க."

பண்டிதர் சிரித்தார். "பெண்ணே, கையுறை என்றால் இலக்கியத்தில் காணிக்கை. சிறியோர் பெரியோரைக் காண வரும்போது கொண்டுவருவது. நீ ஏதாவது கொண்டுவந்தாயா?"

"இல்லீங்களே."

"அப்படியானால் அந்தப் பொருள் இங்கே பொருந்தாது."

அருணகிரி மட்டும் அன்று மாலை தனியாகப் பட்டறைக்குப் போய்ப் படத்தை உற்றுப் பார்த்தார். மணிக்கட்டில் துணி மடிந்தாற்போல் ஒரு சுருக்கம் தெரியத்தான் தெரிந்தது. மனசு சுருக்கென்றது. ஆனால் படம் என்பது எழுத்தறியாதவர்களுக்காகப் போடுவது. எட்டு வருஷம் பட்டில் சுற்றிய அகராதியின் முன்னால் அது என்ன செய்யும்? கையோடு கொண்டுபோயிருந்த தமிழாக்கச் சீட்டைப் பசை தடவி ஒட்டினார். சரியாகப் படத்தின் மேல்.

ஆடியில் பலகைத் திறப்பு விழா. பட்டறைக்கு மாவிலைத் தோரணம். வாசலில் புதுப் பலகையில் புதுச்சொல். வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருவதுதான் அதுவரை வழக்கம். இனிமேல் அம்மாசி கையில் ஏந்தித்தான் வரவேண்டும். வந்தான். கொதிக்கும் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"என்றா முழிக்கற? நூலை எடு" என்றார் சண்முகவேல்.

"ரெண்டு கையிலயும் செருப்புங்க சாமி. நூலை எதுலீங்க எடுக்கறது?"

இதற்குச் சங்கம் சொல் ஆக்கியிருக்கவில்லை. "கடமைன்னாக் கடமைதான்" என்றார் சண்முகவேல். "எழுதியிருக்கறபடி செய்யி."

"என்னங்க சாமி எழுதியிருக்குது?"

"கைச்செருப்பு!" என்று வாத்தியார் வழக்கத்தில் உரக்கப் பிரித்துச் சொன்னார் அருணகிரி.

அம்மாசி யோசித்தான். இரண்டு செருப்பின் வாருக்குள்ளும் கையை நுழைத்தான். தடித்த எருமைத்தோல் செருப்பு. உள்ளங்கைக்கு வெளியே அடித்தோல் வரும்படி மாட்டிக்கொண்டு, தொட்டிக்குள் விட்டு, நூல் கழியை அலாக்காகத் தூக்கினான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவன் 'ஸ்ஸ்' என்று சொல்லவில்லை. ஓரமாக நின்ற சின்னாயி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அருணகிரி பார்த்தார். சீட்டுக்குக் கீழே அவர் ஒட்டி மறைத்த படம், எழுந்து வந்து தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது.

"அடப்பாவி!" என்று சண்முகவேல் அலறினார். "ஆடி நோம்பிக்கு அம்மனுக்குச் சாத்தற சேலைக்கு நூலுடா அது! செருப்பால தொட்டுட்டயேடா!"

"நீங்க எழுதுனதுதானுங்களே சாமி."

அருணகிரி வாயைத் திறந்தார். "தலைவரவர்களே, ஒருவேளை 'ட்ராக'வுக்கு அந்த இரண்டாவது பொருள், அணிதல்..." எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அகராதியைப் பார்த்தார். பட்டுத்துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "ஒன்றுமில்லை" என்றார்.

தொட்டிக்குப் பக்கத்திலேயே அவசரக் கூட்டம் கூடியது. தீர்மானம் ஒன்று: பலகையை அகற்றுவது. தீர்மானம் இரண்டு: மேற்படி ஜெர்மானியச் சொல்லுக்கு நம் நாட்டில் பொருள் கிடையாது. தீர்மானம் மூன்று: அம்மாசி இனிமேல் வழக்கப்படி வெறுங்கையால் நூல் எடுப்பதாக எழுதிக்கொடுத்து, கைநாட்டு வைப்பது.

அருணகிரி எழுதினார். அம்மாசி பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தான். மை விழுந்தது, ஒரு கோடுகூட விழவில்லை. வழுவழுவென்று ஒரு நீலப் பொட்டு.

"அழுத்தி வைடா!"

மறுபடி வைத்தான். மறுபடியும் பொட்டு.

"அழுத்தறதுக்குத் தோலு இருந்தாத்தானுங்க சாமி ரேகை உழுகும்" என்றான் அம்மாசி. கோபமே இல்லை அவன் குரலில். "ரேகையெல்லாம் அந்தத் தொட்டிக்குள்ளதானுங்க கெடக்குது."

ரேகை விழாத கைநாட்டு செல்லாது. பக்கத்தில் ஏதாவது விளக்கம் எழுதியாகவேண்டும். அது செயலாளர் கடமை. அருணகிரி வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, படித்தவர்கள் பழைய சுவடியைப் பதிப்பிக்கும்போது எழுதுகிற முறைப்படி, அந்தப் பொட்டுக்கு அருகே எழுதினார்: 'மூலம் சிதைந்துள்ளது.'

சங்கத்தின் ஏடுகளில் பிழையில்லாத வரி அது ஒன்றுதான். அதன் கீழே, சிதைத்தவர்கள் மூவரும் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள்.