இரண்டு பேரையும் ஒரே கம்பஸில் சேர்த்த விபரம்

கிண்ணியாவில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் ஸைனுலாப்தீன் அவர்களுக்கு,

இறக்கக்கண்டியிலிருந்து அபூதாஹிர் ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் சீனி வருத்தத்துக்கும் முழங்கால் நோவுக்கும் அல்லாஹ் சுகம் தருவானாக. நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி உண்மைக்கு வருகிறேன்.

மூத்தவள் மின்ஹா பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். சோதனையை மூன்றாம் தரம் எழுதித்தான் சித்தியடைந்தாள், அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள். ஒரு வயது இளையவள் ஷிஃபானா முதல் தரத்திலேயே சித்தியடைந்து ஒரு வருடம் முந்திக் கம்பஸுக்குப் போய்விட்டாள். மின்ஹா தூர இடத்துக் கம்பஸைத்தான் முதலாவதாகப் போட இருந்தாள். நீங்கள்தான் வந்து, "ஒரே இடத்தில போடுங்க மச்சான், ஒண்டுக்கொண்டு துணை" என்று சொல்லி, உங்கள் சொந்தப் பேனையால் படிவத்தை நிரப்பினீர்கள். ஓய்வுபெற்ற அதிபர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தத் துணை எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் அந்தக் கம்பஸில் வயதுக்கு மரியாதை இல்லை, வருடத்துக்குத்தான். முந்தி வந்தவள் அக்கா, பிந்தி வந்தவள் தலை குனிந்து நடக்க வேண்டும். இதற்கு இங்கிலீஷில் ராகிங், தமிழில் பகிடிவதை என்று பெயர், பகிடி எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. போன மாதம் என் மீன்வலைக் கடைக்குச் சாமான் வாங்கிக்கொண்டு நிலாவெளி பஸ்ஸில் ஏறினேன். ஷிஃபானா யன்னல் பக்கம் இருக்கிறாள், பக்கத்து சீட் காலி, மின்ஹா புத்தகப் பையோடு நிற்கிறாள். "மகள், இருங்க" என்றேன். "ஏலாது வாப்பா, அக்கா இருக்காங்க" என்றாள். எந்த அக்கா என்று பஸ் முழுக்கத் தேடினேன். கடைசியில் பார்த்தால் என் இளைய மகள்தான் அக்கா. "புள்ள, மூத்த ராத்தாக்கு இடம் குடுங்க" என்றேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தாள். பின் சீட்டில் இருந்த இரண்டு சீனியர் பெண்கள் என்னையே பார்த்தார்கள். கோபத்தில் நானும் இருக்காமல் நின்றேன். கண்டக்டர் வந்து, "ஐயா, நீங்களும் முதலாம் வருசமா?" என்று கேட்டான். ஊர்ச்சனம் சிரித்தது.

அதோடு முடியவில்லை. சனிக்கிழமைகளில் மின்ஹா விடுதியிலிருந்து இரண்டு பை உடுப்புக் கொண்டுவந்து கிணற்றடியில் தோய்த்தாள், ஒன்று அவளுடையது, மற்றது அக்காவுடையது. பின்னேரங்களில் கம்பஸ் மதிலடியில் நின்று துறைமுகத்துக்குள் வரும் ஒவ்வொரு கப்பலுக்கும் ஸலாம் சொல்ல வேண்டுமாம், அதுவும் ஷிஃபானாவின் கட்டளை. சீமெந்துக் கப்பலுக்கு என் மூத்த மகள் ஸலாம் சொல்கிறாள் மச்சான். வீட்டுக் குசினியிலும் "முதல்ல அக்காக்கு வைங்க உம்மா" என்றாள். உங்கள் தங்கச்சி பரீதா முதலில் சிரித்தாள், பிறகு சோற்றுச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு அழுதாள். பிள்ளை மெலிந்து கழுத்தெலும்பு தெரிகிறது. மூன்று தரம் எழுதி எடுத்த படிப்பு இந்தக் கூத்தில் போய்விடும் என்று எனக்கு நித்திரை இல்லை. முறைப்பாடு செய்யப் போகிறேன் என்றதும் மின்ஹா என் கையைப் பிடித்து, "வேணாம் வாப்பா, எழுதாதீங்க" என்று கெஞ்சினாள். எவ்வளவு பயம் காட்டி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

கடையைப் பூட்டிவிட்டுக் கம்பஸின் முறைப்பாட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு அதிகாரி படிவம் தந்தார். "பேர் இல்லாட்டி ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். பாதிக்கப்பட்டவரின் பெயர், தகப்பன் பெயர் எழுதினேன். செய்தவரின் பெயர், தகப்பன் பெயர் எழுதினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "ஐயா, ரெண்டு இடத்திலயும் ஒரே ஆள் வருதே" என்றார். "வரும், அந்த ஆள் நான்தான்" என்றேன். இத்தனை வருடத்தில் பெயர் எழுதித் தந்த முதல் தகப்பன் நான்தானாம், தேத்தண்ணி வரவழைத்துக் கை கொடுத்தார். முந்தாநாள் ஷிஃபானாவுக்கு வகுப்புத் தடை வந்து, பையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள், இருக்கட்டும். நீங்கள் பள்ளிவாசல் கூட்டத்தில் நீதி நியாயம் என்று மணிக்கணக்காகப் பேசுவீர்கள், நான் செய்து காட்டிவிட்டேன். இனி எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுங்கள், ஆலோசனை மட்டும் சொல்லாதீர்கள்.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். எங்களுக்காகத் துஆச் செய்யுங்கள், உங்கள் வீட்டில் பறக்கத் நிறையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
அபூதாஹிர்

பி.கு.: நேற்று ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். மின்ஹா இன்று காலை பாடத்தை விட்டுவிட்டு வந்து, தங்கச்சியைக் கட்டிப்பிடித்து அழுதாள். அங்கே ஒரு சீனியர் ஒரு பிள்ளையைத் தனக்கென்று எடுத்துவிட்டால் மற்றவர்கள் தொடமாட்டார்களாம். முதல் நாளே எல்லோருக்கும் முன்னால் ஷிஃபானா இவளை எடுத்திருக்கிறாள். எடுத்தவள் இளகினால் மற்ற சீனியர்கள் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள், அதனால்தான் அந்த உடுப்பும் கப்பலும். பஸ்ஸில் பின் சீட்டில் இருந்தவர்கள் இவள் இளகுகிறாளா என்று பார்க்க வந்தவர்கள். மின்ஹாவோடு ஒரே அறையில் இருந்த இரண்டு பிள்ளைகள் படிப்பை விட்டுப் போய்விட்டார்கள், அவர்களுக்கு நடந்ததைக் கடிதத்தில் எழுத ஏலாது. "ஏன் மகள் சொல்லல்ல?" என்று மின்ஹாவிடம் கேட்டேன். "சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா வாப்பா?" என்றாள். ஜும்ஆ முடிந்த கையோடு அந்த அலுவலகத்துக்கு ஓடினேன். "எழுதின பேரை எடுக்க ஏலாது, வேணுமெண்டா வேற பேர் சேருங்க" என்றார் அந்த அதிகாரி. எனக்கு அந்தக் கம்பஸில் தெரிந்தது இரண்டு பெயர்தான். பிள்ளைகள் இரண்டும் மூன்றாவது பெயரைச் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். திங்கட்கிழமை மின்ஹா தனியாகத்தான் போகிறாள். மச்சான், அங்கே உங்களுக்கு யாரையாவது தெரியுமா?