அட்டையிடம் கடி வேண்டிய படலம்

மேகத்தைத் தலைப்பாகையாகச் சுற்றிய மலைகளே, வாழ்க. காய்வதற்குள் மறுபடி நனைந்துவிடும் தேயிலைச் சரிவுகளே, வாழ்க. இடுக்கி மலைநாட்டு எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்தில் ஏழாம் நம்பர் வீட்டின் ஏகபோகச் சக்கரவர்த்தியும், டீ ஆறுவதற்குள் ஒரு தொழிலும் குடித்து முடிப்பதற்குள் இன்னொரு தொழிலும் தொடங்கவல்ல சிந்தனைச் சிங்கமும், ராமலட்சுமியின் கணவனுமாகிய பாண்டீஸ்வரன் வாழ்க, வாழ்க. அப்பெருமகன் ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், முதுகெலும்பே இல்லாத ஓர் எதிரியிடம் ஒரே ஒரு கடி கேட்டு மன்றாடிய வரலாற்றை, கேட்போர் கால்கள் கூசினாலும், ஒளிக்காமல் சொல்லத் தொடங்குகிறோம்.

வீரனின் பழைய போர்களை முதலில் பாடிவிடுவதே முறை. ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணிகள் மலையின் நினைவாகக் கொண்டுபோகட்டும் என்று மூடுபனியைக் கண்ணாடிக் குப்பிகளில் பிடித்து, மூடி திருகி, நாடா கட்டி விற்றான். அடிவாரம் வருவதற்குள் பனி மறைந்து வெறுங்குப்பியைக் கண்டவர்கள், வண்டியை ஓரங்கட்டிப் போன் போட்டு ஏசினார்கள். அடுத்து, யூகலிப்டஸ் இலை திணித்த தலையணை. அதில் முதன்முதலாகத் தலைசாய்த்த ஜீப் டிரைவர் அழகுமலை மூன்று நாள் ஓயாமல் தும்மி, நாலாம் நாள் தலையணையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோதும் தும்மினார்.

இரு களத்திலும் புறமுதுகிட்ட பின்னர் ராமலட்சுமி தன் இறுதிச் சாசனத்தை வெளியிட்டாள். உடுமலையில் அவளுடைய தம்பி வெங்காய மண்டி வைத்திருக்கிறான். மூட்டை தூக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று மாதம் தவறாமல் சொல்லிவிடுகிறான்.

"இன்னும் ஒரே ஒரு தடவதேன். அதுவும் ஊத்திக்கிச்சுன்னா ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுல உடுமலைக்கு ஏறிருங்க" என்றாள்.

மலையை விட்டிறங்கி, மச்சினன் முன்னால் கைகட்டி, ஆயுள் முழுக்க வெங்காயத்தின் நடுவே கண்ணீர் உகுக்கும் எதிர்காலம் பாண்டீஸ்வரன் கண்முன் விரிந்தது. அந்த அச்சமே அவனுடைய மூன்றாவது யோசனையைப் பெற்றெடுத்தது.

யோசனை மிக எளியது. மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள், உப்பையும் புகையிலைத் தூளையும் துணியில் முடிந்து, நனைத்து, காலில் தேய்த்துக்கொண்டு போவார்கள், அட்டை ஏறாது. லயத்து வீடுகளில் கதவுக்குக் கதவு அந்த முடிச்சு தொங்கும். அதைப் பார்க்காத கண் எஸ்டேட்டில் இல்லை. ஆனால், இதை டூரிஸ்ட்டுக்கு விற்றால் என்ன என்று கேட்ட மூளை ஒன்றே ஒன்று. கிளிப்பச்சைத் துணி, இழுத்தால் இறுகும் நாடா, பையில் மாட்ட ஒரு கொக்கி என அத்தனையும் ராமலட்சுமி தைத்தாள். 'அட்டைக் கில்லாடி' என்ற பெயரை மட்டும் வீரன் சூட்டினான். அதற்கே அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது.

மேல்மலை ரிசார்ட்டின் மேனேஜர் ஜோபிக்கு இப்படியொரு பொருள் தேவைதான். அவர் காட்டுக்குள் நடக்க அனுப்பிய விருந்தினர்கள் கால் முழுக்க ரத்தத்தோடு திரும்பிவந்து, இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுப் பழிதீர்த்துக்கொண்டிருந்தார்கள். நேரில் காட்டினால் வாங்குகிறேன் என்றார். வியாழன் காலை ஒன்பது மணிக்கு, படம்பிடிக்கப் போனும் கையுமாக, கேன்வாஸ் ஷூ அணிந்து, தேயிலைச் சரிவின் அடியில் வந்து நின்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிய பாண்டீஸ்வரன் ஈரப்புல்லின் நடுவே வெறுங்காலோடு நின்று, வலக்காலில் மட்டும் முடிச்சைத் தேய்த்து, மலைகள் எதிரொலிக்க முழங்கினான்.

"சாரே, நல்லாப் பாத்துக்கங்க. வலது காலு கோட்ட. எடது காலு தொறந்து கெடக்குற வாசலு. அட்ட எதுல ஏறுதுன்னு நீங்களே சொல்லுங்க."

எழுந்தான் பகைவன். கையில்லான், காலில்லான், கண்ணிருந்தும் நம் கண்ணுக்குத் தெரியாதான், வில்லென வளைந்து அம்பென நிமிர்ந்து நடப்பான், கடித்த செய்தியைக் கடித்து முடித்த பிறகே தெரிவிப்பான் ஆகிய அட்டையரசன், புல்நுனியில் நின்று தலையைச் சுழற்றித் திசை தேர்ந்து, திறந்த வாசலாகிய இடக்காலை நோக்கிப் படை நடத்தினான். பெருவிரலைத் தொட்டான். தொட்ட கணத்தில், சுடுகல்லை மிதித்தவன்போலச் சுருண்டு, வந்த வழியே திரும்பிப் போனான்.

வீரன் கலங்கவில்லை. இரண்டாம் அட்டையை இலையோடு ஏந்தி வந்து, தன் குதிகாலருகே அரியணை இட்டு அமர்த்தினான். அது கீழே இறங்கி, காலைச் சுற்றி வளைத்துக்கொண்டு, ஒரு கூழாங்கல்லோடு உறவாடப் போயிற்று. மூன்றாவதை, மூச்சுக்காற்று பட்டால் அட்டைக்கு வெறி வரும் என்ற மலைவாசி அறிவைக் கொண்டு, மண்டியிட்டு, கன்னம் புடைக்க, கடல் கடைந்தோர் பட்ட பாடெல்லாம் பட்டு ஊதினான். அட்டை நன்றாகவே வெறிகொண்டு தலை தூக்கிற்று. பிறகு அவனுடைய இடக்காலை அணுகி, ஆராய்ந்து, அருவருத்து, புல்லுக்குள் எங்கோ போய் மறைந்தது. வெறுங்காலை நீட்டி, வா கண்ணா, ஒரு வாய் குடி என்று ஒரு மாவீரன் தன் எதிரியைத் தாஜா செய்த காட்சியை அம்மலை அதற்குமுன் கண்டதில்லை.

மேல்வரிசையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த சாந்தம்மாள் இதையெல்லாம் ரசித்துவிட்டு, பக்கத்து வரிசை ராமலட்சுமிக்குக் கேட்கும்படி ஒரு கணை தொடுத்தாள்.

"ஏட்டி, அட்டைக்குக்கூட ஒம்புருசன் வேண்டாமாம்ல."

ஜோபி போனைச் சட்டைப்பையில் போட்டார். அவ்வொலி வீரனின் செவியில் உடுமலை பஸ்ஸின் கதவு அடைபடும் ஒலியாக விழுந்தது.

"கடிக்காத அட்டைக்கு மருந்து எந்தினு, எதுக்கு அண்ணா?" என்று ஜோபி வருத்தத்தோடே கேட்டார்.

அப்போது, முதுகில் கொழுந்துப் பை அசைய, சரிவை இரண்டே எட்டில் கடந்து இறங்கி வந்தாள் ராமலட்சுமி. கணவனின் இடக்காலைக் குனிந்து ஒருமுறை முகர்ந்தாள்.

"காலைல பால் வாங்கப் போகயில ரெண்டு காலுக்கும் தேச்சுட்டுத்தான எறங்குனீக?"

ஆம். தேய்த்திருந்தான். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் கால் வாசலைத் தாண்டுமுன் கை முடிச்சைத் தேடிப் போய்விடும். கை செய்வதை மனம் கேட்பதில்லை, மனத்துக்குக் கை சொல்வதுமில்லை. பால் தூக்கோடு வாசலில் நின்றபோது, பிற்பகல் ஆற்ற வேண்டிய வெற்றி உரையில் அவன் மூழ்கியிருக்க, விசுவாசமுள்ள வலக்கை இரு கால்களையும் கோட்டையாக்கிவிட்டிருந்தது. தன் கையாலேயே தோற்ற தளபதியாக அவன் தலைகுனிந்தான்.

ராமலட்சுமி தலைகுனியவில்லை. ஜோபி பக்கம் திரும்பினாள்.

"ஏழு மணிக்குத் தேச்சது சாரே. சாரல்ல நனஞ்சு, புல்லுல நடந்து, இப்ப ஒம்பதே காலு. மூணு அட்டயக் கெஞ்சிப் பாத்துட்டாரு, ஒண்ணும் ஏறல. இதுக்கு மேல என்னத்தக் காட்டச் சொல்றீக?"

மேனேஜர் மசியவில்லை. ஒருவேளை அவற்றுக்குப் பசி இல்லாதிருக்கலாம் என்று, படித்தவருக்குரிய ஐயத்தை எழுப்பினார். ராமலட்சுமி அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

"பசியெல்லாம் இருக்கு சாரே. ஒங்க மொழங்காலுக்குக் கீழ ஒண்ணு குடிச்சுக்கிட்டிருக்கு."

வெள்ளைப் பேண்ட்டில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் செங்குருதி மலர்ந்திருந்தது. அதன்பின் ஜோபி ஆடிய தாண்டவத்தையும், அவர் விளித்த புனிதர்களின் பட்டியலையும், சாந்தம்மாள் கொழுந்துப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்ததையும் விரித்தால் இந்தப் படலம் முடியாது. ராமலட்சுமி பேண்ட்டை மடித்துவிட்டு, கிளிப்பச்சை முடிச்சால் ஒரு தொடு தொட்டாள். உண்டு கொழுத்து உருண்ட அந்த மூன்றாம் அட்டை சுருண்டு விழுந்தது. விழுந்த அட்டையை மேனேஜர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, மறு காலையும் தாமே முன்வந்து நீட்டினார்.

"சனியாழ்ச்சைக்குள்ள அறுபதெண்ணம் கிட்டுமா சேச்சி? அந்தக் கில்லாடிப் பேரு மட்டும் வேண்டா."

பேர் இழந்தாலும் போர் வென்ற பாண்டீஸ்வரன், ஒரு பாறைமேல் ஏறி நின்று, அட்டை உள்ள மலைகள் யாவும் இனித் தன் ஆட்சிக்குட்பட்டவை என்றும், வயநாடு முதல் அசாம் வரை படையெடுக்கப் போவதாகவும், நூறு தையல் மெஷின்கள் முழங்கும் ஆலை ஒன்று இதே சரிவில் எழும் என்றும், அதன் வாசலில் தன் இடக்காலுக்குச் சிலை வைக்கப்படும் என்றும், திசைகள் எட்டும் செவிசாய்க்க, கையை உயர்த்திப் பிரகடனம் செய்துகொண்டே போகையில், ராமலட்சுமி அவனைக் கடைக்குப் போய் ரெண்டு கிலோ உப்பு வாங்கிவரச் சொன்னாள்.