முழக்கயிறு எடுத்த அளவு

என் ஆயுளில் பத்து வருஷத்தைத் தின்று ஏப்பம் விட்ட மனிதர் காரைக்குடி முழக்கயிறு. இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அறுபதுகளின் கடைசி. ஒரு பம்ப்செட் கம்பெனியின் காரைக்குடிக் கிளையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. வருஷா வருஷம் பொருட்காட்சியில் எங்கள் ஸ்டாலை நான் நடத்த வேண்டும். அது சோபித்தால்தான் வேலை நிலைக்கும். ஊரில் ஸ்டால் போட்டுத் தர எனக்கு வாய்த்ததோ இந்த ஒரே ஆசாரி. நிஜப் பெயர் அவர் வீட்டம்மாவுக்காவது தெரியுமா என்பது சந்தேகம். இடுப்பில் முடிச்சு முடிச்சாக ஒரு சணல் கயிற்றைச் சுற்றியிருப்பார். அளவெல்லாம் அதில்தான். அதனால் முழக்கயிறு.

பொருட்காட்சி முடிந்த மறுநாள் பலகை, மூங்கில், வண்ணத்துணி எல்லாவற்றையும் மைதானத்தில் குவித்துக் கொளுத்திவிட்டு, கம்பெனிக்காரர்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். முழக்கயிறு அந்தப் புகைக்கு எதிரே சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிற்பார்.

"நாலு நாளைக்கு மினுக்கிட்டு, நல்ல பலகையப் போட்டுக் கொளுத்துறாகளே, இவுக நல்லாருப்பாகளா?"

நல்ல எண்ணம்தானே என்று நினைப்பீர்கள். நினைப்பீர்கள், ஏன் நினைக்க மாட்டீர்கள்? உங்கள் ஸ்டாலையா அவர் போட்டார்?

ஸ்டாலைப் பிரித்த பிறகு மிச்சத்தை என்ன செய்யலாம் என்று யோசிப்பவன் மனுஷன். இவர் அதைத்தான் முதலில் யோசிப்பார். எந்தப் பலகை கடைசியில் எந்த வீட்டுக்குப் போகும் என்று முடிவு செய்து, அந்த வீட்டுக்கே நடந்து போய் அளவெடுத்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவார். அந்த அளவில்தான் எங்கள் ஸ்டால் எழும்பும். மெட்ராஸிலிருந்து வந்த பிளானை நாலாக மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து இழைப்பார்.

முதல் வருஷம், சிரிக்கும் விவசாயி படம் எழுதிய பெரிய பலகையைக் கொண்டுவந்து நிறுத்தினார். விவசாயியின் வயிற்றில் சதுரமாக ஒரு ஓட்டை.

"என்னண்ணே இது?"

"இளையாத்தங்குடியில டீக்கடைக்குக் கதவு தம்பி. கிளாசு நீட்ட சன்னல் வேணும்ல?"

"டீக்கடைக்கு வேணும். எனக்கு எதுக்குண்ணே?"

"நாலே நாளு. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. அந்த ஓட்டையில் ஒரு குழாயைச் செருகி, விவசாயியின் தொப்புளிலிருந்து தண்ணீர் கொட்டுவதுபோலச் செய்து மானத்தைக் காப்பாற்றினேன். எங்கள் விளம்பரத் துணி கண்டரமாணிக்கத்தில் ஓர் எருமைக்கன்றுக்குப் போர்வையானது. கம்பெனி பெயரை முதுகில் சுமந்த எருமை இந்தியாவிலேயே அது ஒன்றுதான்.

மறு வருஷம் மெட்ராஸ் மேனேஜரே வருவதாகக் கடிதம். நல்ல உயரம், நல்ல கோபம். நான் முழக்கயிற்றின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "அண்ணே, முன்னால போடுற மேஜை இடுப்பு உயரம் இருக்கணும். என் பொழப்பே அதுல இருக்கு." தலையைத் தலையை ஆட்டினார். மேனேஜர் வரும் நாள் காலை போய்ப் பார்த்தால், நீளமாக, வழவழவென்று, என் முழங்கால் உயரத்தில் நிற்கிறது மேஜை!

"இது பெஞ்சிண்ணே!"

"ஆமா. கல்லல் ஊருல மருத்துவச்சி அம்மா வீட்டு வாசலுக்கு. பிள்ளத்தாச்சிக எல்லாம் வெறுந்தரையில உக்காந்து எந்திரிக்க முடியாமக் கெடக்குதுக. நாலு நாளு நீங்க நிக்கிறது பெருசா, நாப்பது வருசம் அவுக உக்கார்றது பெருசா? நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் வந்துவிட்டார். அதன்மேல் இருந்த பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவர் குனிந்த குனிப்பில் என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அதற்குள், காலையிலிருந்து நடந்து அலுத்த விவசாயச் சம்சாரிகள் நாலைந்து பேர் "அப்பாடா" என்று அதில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. கிணற்றின் ஆழத்தைச் சொன்னார்கள், மோட்டார் விலை கேட்டார்கள், சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் ஆர்டர் எழுதினார்கள். மற்ற ஸ்டால்களில் ஜனம் நின்று பார்த்து நடந்துவிட்டது.

"பிரமாதமான யோசனைய்யா! இந்த பெஞ்சை அப்படியே அடுத்த வாரம் மதுரைப் பொருட்காட்சிக்கு அனுப்பும். அங்கே வந்து உம்ம வேலையை நிரந்தரம் பண்ணிக் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார் மேனேஜர்.

பொருட்காட்சி முடிந்த மறுநாள் விடிந்ததும் லாரியோடு போனேன். மைதானத்தில் எங்கள் இடம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு ஆணி கிடையாது. அந்த மனிதர் ராவோடு ராவாக எல்லாவற்றையும் உரிய இடத்தில் சேர்த்துவிட்டார். பாவி மனுஷா என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே லாரியைக் கல்லலுக்கு விடச் சொன்னேன்.

மருத்துவச்சி அம்மா வீட்டு வாசலில் பெஞ்சு கிடந்தது. நிறைமாதமாக ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. இவுகள எந்திரிக்க மட்டும் நீங்களே சொல்லிருங்க" என்று அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்த ஒருத்தி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழக்கூடப் பார்த்தாள். "இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காலி லாரியோடு திரும்பினேன். பெஞ்சைக் கரையான் அரித்துவிட்டது என்று மெட்ராஸுக்கு எழுதிப் போட்டேன். வேலை நிரந்தரத்துக்கு இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்த்தீர்களா? கரையான் கதை எப்படியோ காதில் விழுந்து, ஆபீஸுக்குள் புயலாக வந்தார் முழக்கயிறு.

"என் பலகையிலயா கரையான்? என் பலகையிலயா? எழுதுற கைக்கு ஒரு நாயம் வேணாம்? பெஞ்சி களவு போச்சுன்னு எழுதியிருக்கக்கூடாது?"

அதோடு பேச்சு நின்றுபோயிற்று. தெருவில் கண்டால் அங்குட்டுத் திரும்பிக்கொள்வார். நிம்மதி என்றுதான் இருந்தேன். சத்தியமாக அது நிம்மதியாக இல்லை.

அடுத்த பொருட்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். மாசமாக இருந்த என் மனைவி கொடுத்த மோரைக் குடித்தார். என்னைத் தாண்டிப் போய் உள்ளறை மூலையில் கயிற்றை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை பிடித்தார். இரண்டு முடிச்சுப் போட்டார். போய்விட்டார்.

அந்த வருஷம் எங்கள் புது மோட்டார், சுற்றிலும் கம்பி வைத்து, விளிம்பெல்லாம் கன்னம்போல் இழைத்த ஒரு சின்ன மரக்கட்டிலில் படுத்திருந்தது. மேனேஜர் வந்தார். நிரந்தர ஆர்டர் அவர் பையில் இருந்தது.

"என்னய்யா அளவு இது? மோட்டாருக்கு எதுக்குக் கம்பி? பிளான் என்ன, இது என்ன?"

ஸ்டாலுக்குப் பின்னால் முழக்கயிறு கயிற்றை நெருடிக்கொண்டு நின்றிருந்தார்.

"அளவு சரிதான் சார்" என்றேன்.

என் மகள் பிறக்க இன்னும் இருபது நாள் இருந்தது.