மாமாவின் மேல்வரிசைப் பல் குறித்து

பெருமதிப்பிற்குரிய கடல் பூங்காத் தலைமை அதிகாரி அம்மா அவர்களுக்கு,

மேரோ தீவிலிருந்து, ‘பொறுமை’ என்ற படகின் சொந்தக்காரன் எல்ராய் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டாரும் நலம், என் மாமாவின் வாய் நீங்கலாக. அலுவலகத்தில் நீங்கள் அம்மா, ஊரில் எனக்கு அக்கா முறை. இந்தக் கடிதத்தை எந்த முறையில் வாசித்தாலும் எனக்குச் சம்மதமே.

என் மகள் ஷனெலுக்கு வருகிற சனிக்கிழமை கல்யாணம். அவளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போய், விருந்தில் எழுந்து பேசவேண்டியவர் என் தாய்மாமா ஆத்னியல். எங்கள் குடும்பத்தில் அவர் பேசாமல் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை. அதற்காகவே இங்கிலாந்திலிருந்து வந்தவர், வந்த மறுநாளே, "டேய் எல்ராய், எங்கெங்கேயோ இருக்கிறவன்லாம் நம்ம ஆமையைப் பாத்துட்டுப் போறான். நான் இன்னும் தண்ணிக்குள்ள தலையை விட்டதில்லடா" என்றார். சரி என்று பூங்காவின் ஐந்து மணல்திட்டுகளுக்கும் படகில் அழைத்துப் போனேன். மனைவி மாவிஸ், கல்யாணத்துக்குச் செய்த தேங்காய் மிட்டாயில் ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள். மாமா மிட்டாயைத் தொடவில்லை, ரம்மைத்தான் தொட்டார். பிறகு தண்ணீருக்குள் மூச்சுவிடும் குழாயை வாயில் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. அந்தப் பக்கம் திரும்பி என்னவோ சரிசெய்துகொண்டு குதித்தார். ஆமையைப் பார்த்தார். மேலே வந்தார். வாயில் மேல்வரிசைக் கட்டுப்பல் இல்லை.

"போச்சுடா, ஆமையைப் பாத்து வாயைப் பொளந்தேன், விழுந்துடுச்சு" என்று அழாக்குறையாகச் சொன்னார். நான் மூழ்கினேன். பவளப்பாறைக்குப் பக்கத்தில், கடல்புல்லுக்குள் பல்வரிசை பளிச்சென்று கிடந்தது. எடுத்துக்கொண்டு தலையைத் தூக்கினால், எதிரே உங்கள் காவலர் கார்லைலின் படகு.

கார்லைலைப் பற்றி நான் குறை சொல்லக்கூடாது. போன மாதம், புல்மேல் நங்கூரம் போடப்போன ஒரு பாய்மரப் படகைத் தடுக்க அதே இடத்தில் சட்டையோடு குதித்தவர் அவர். நீங்களே பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டு தலைக்கேறிவிட்டதோ என்னவோ, அன்றிலிருந்து யாரிடமும் சிரிப்பதில்லை, கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுகிறார். சுட்ட சிங்கி இறால் கொடுத்தால் லஞ்சம் என்று தள்ளிவிடுகிறார். கீரை சூப் மட்டும் குடிக்கிறார். அவ்வளவு நேர்மை.

"கையில என்ன அண்ணே?" என்றார்.

"மாமாவோட பல்லு, தம்பி."

"கடலடியில கெடக்குறதை எடுக்கக்கூடாது. சிப்பி, பவளம், மணல் எதுவும்."

"பல்லு எங்கப்பா கடல்ல வெளையுது?"

"அதை விசாரணையில சொல்லுங்க" என்று பல்லை வாங்கினார், முதுகைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் ஆராய்ந்தார், பையில் போட்டுக்கொண்டார். போகிறபோது என் கடை அனுமதி அட்டையையும் கொண்டுபோய்விட்டார். நான் திட்டில் இறால் சுட்டால்தானே அக்கா என் வீட்டு அடுப்பும் எரியும்?

அன்று தொட்டு மாமா போர்வைக்குள் கிடக்கிறார். அவர் என்ன பேசினாலும் காற்றுதான் வருகிறது. பாதிரியார் இரக்கப்பட்டு, காலமான தன் அப்பாவின் பல்லை இரவல் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் மாமாவுக்கு முன்னால் பல் போகிறது, பின்னால் மாமா வருகிறார். ஷனெல் ஒரே பிடியாக, "தாத்தா கூட்டிட்டுப் போகலைன்னா நான் வீட்டை விட்டே எறங்க மாட்டேன்" என்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் ஆட்டை அறுத்துவிட்டார்கள். மாவிஸ் என்னைப் பார்க்கிற பார்வையை நான் எழுதமுடியாது. ஆகவே மேற்படி பல்லையும் அட்டையையும் வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தரவும், கார்லைலைக் கண்டித்து வேறு தீவுக்கு மாற்றவும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வலையில் மீனும் உங்கள் வீட்டில் நிம்மதியும் நிறைய ஆண்டவரை வேண்டும்,
எல்ராய்

பின்குறிப்பு: மேலே உள்ளதை வாசித்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடவும். இப்போதுதான் மாவிஸ் அந்த மிட்டாய் டப்பாவைத் திறந்தாள். உள்ளே மாமாவின் பல். குதிக்கிறதுக்கு முன்னால் தானே கழற்றிவைத்ததை ரம் மறக்கடித்துவிட்டதாம். மாமா இப்போது கண்ணாடி முன்னால் கல்யாணப் பேச்சை ஒத்திகை பார்க்கிறார், நிறுத்தத்தான் ஆளில்லை. அப்படியானால் நான் எடுத்தது யாருடைய பல் என்று குழம்பிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். கார்லைல் அங்கே அடுப்புப் பக்கமாய் உட்கார்ந்து, ஒரு முழுச் சிங்கி இறாலை ஓடு தெறிக்கக் கடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், ஒரு மாதத்துக்குப் பிறகு, வாய் நிறையச் சிரித்தார். கேட்காமலே அட்டையை என் சட்டைப்பையில் செருகினார். "விசாரணை முடிஞ்சுதா தம்பி?" என்றேன். "நல்லாப் பொருந்திடுச்சு அண்ணே" என்றார். இதைக் கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் உங்களுக்கான கல்யாண அழைப்பும் இதுவேதான். கார்லைலும் வருகிறார். கடலடியில் கிடப்பதை எடுக்கக்கூடாது என்ற விதியைப் பற்றி மட்டும் விருந்தில் பேசவேண்டாம், அக்கா.