ஜீன்ஸ் விசாரணை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில், பத்தாங் காலிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்று உலக மருத்துவத்தையே தூக்கி நிறுத்தியது. விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த கேள்விக்கு, அத்தோட்டத்துக் கோயில் கமிட்டி தேத்தண்ணி ஆறுவதற்குள் விடை கண்டது.

கேள்வியைக் கொண்டுவந்தவள் அமராவதி. மகள் ரமணிக்கு ஆறு வயதாகியும் பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், ரப்பர் கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பாள். கோலாலம்பூர் டாக்டர் அதற்கு 'ஆட்டிசம்' என்று பெயர் சொன்னார்.

"கருவுலயே மூளை வேற மாதிரி வளர்ந்திருக்கும்மா. உங்க வளர்ப்புல குத்தமில்ல. ஜீன்ஸ் வழியா, பரம்பரையா வந்திருக்கலாம்."

வாராவாரம் சிறப்பு வகுப்புக்கும் வரச் சொன்னார். பஸ் இரைச்சலில் ரமணி காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அதனால்தான் அமராவதி கோயில் வேனைக் கேட்டு மகளோடு வந்திருந்தாள்.

வேன் அற்ப விஷயம், காரணமல்லவா முக்கியம்! அவளுடைய மாமனாரும் கமிட்டித் தலைவருமான சின்னையா விசாரணையைத் தொடங்கினார்.

"ஜீன்ஸுன்னு டாக்டரே சொல்லிட்டாரு லா," என்றார் செயலாளர் கார்த்திகேசு. "கல்யாணத்துக்கு முந்தி ரவாங் ஃபேக்டரியில இது ஜீன்ஸ் போட்டுக்கிட்டுத்தானே திரிஞ்சிச்சு?"

சபை அதிர்ந்தது. கால்சட்டைக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு அன்றுதான் 'நிரூபணம்' ஆனது.

"அந்த ஜீன்ஸ் இல்லண்ணே. ரத்தத்துல வர்றது," என்றாள் அமராவதி.

"அப்ப உன் ரத்தந்தான்," என்றார் சின்னையா. "எங்க வம்சத்துல அப்பிடி யாரும் கிடையாது."

சொல்லிக்கொண்டே, இம்மி நகர்ந்திருந்த தன் தேத்தண்ணி கிளாஸை மேசை விளிம்புக்கு நேராக வைத்தார். அது நேராகாமல் அவர் எந்தக் கூட்டத்தையும் நடத்தியதில்லை. அமராவதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க எந்த வயசுல பேச ஆரம்பிச்சீங்க?"

"ஏழு வயசுல!" சின்னையா நெஞ்சை நிமிர்த்தினார். "எங்கப்பாவும் அப்பிடித்தான். அவசரப்பட்டு வாயத் தொறக்கிற பரம்பரை இல்ல எங்களுது."

யாரோ இருமினார்கள். சின்னையாவின் முகம் மெல்ல மாறியது. அனுபவசாலியான கார்த்திகேசு சட்டென்று எழுந்தார்.

"தலைவர் பக்கத்துலருந்து வந்ததுன்னா அது வியாதியே இல்ல லா. ஞானம்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. சாபம், ஏகமனதாக, வரம் என்று திருத்தப்பட்டது.

"அப்ப வேன்?" என்றாள் அமராவதி.

"ஞானிக்கு எதுக்கும்மா ஸ்பெஷல் வகுப்பு?" என்றார் சின்னையா. " அதோட வேனுக்கு வேலையிருக்கு. கமிட்டி சுங்கை செம்பிலாங் கடற்கரைக்கு நண்டு சாப்பிடப் போகுது."

அமராவதி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அலறினாலும் பஸ்தான் என்று முடிவாகிவிட்டது. வாசலில் நின்று திரும்பினாள்.

"பேச்சாச்சும் உங்களுக்கு ஏழு வயசுல வந்துச்சு, மாமா. வெட்கம் எப்ப வரும்?"