பூடானுக்கு உண்டு, குற்றாலத்துக்கு இல்லை

சுரண்டை

குற்றாலம் மைத்துனர் முத்துகுமரன் அவர்கள் சமூகத்துக்கு, சுரண்டை உள்ளி வியாபாரி தாணுமாலயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் இவ்விடம் நலமாக இருந்த ஒரே ஆள், உங்கள் தங்கை குழல்வாய்மொழி, இப்போது அவ்விடம் இருக்கிறாள். அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத இந்தச் சித்திரை மாதத்தில் யாராவது குற்றாலத்துக்குப் போவார்களா? அவள் போய்விட்டாள். போன் அடித்தால் எடுப்பதில்லை. உங்களைக் கூப்பிட்டதற்கு, "சொல்ல வேண்டியத எழுதி அனுப்பும். அவளுக்கு வாசிச்சுக் காட்டுதேன்" என்று வைத்துவிட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

கப்பலுக்கு அனுப்பலாம் என்று கையில் கிடைத்த சின்ன வெங்காயத்தை எல்லாம் வாங்கிப் போட்டேன். தூத்துக்குடி ஏஜெண்ட் ஜஸ்டின், "அண்ணாச்சி, கொழும்புல கேட்டுக்கிட்டே இருக்காவ" என்று சொல்லி வாய் மூடவில்லை, வெங்காயம் வெளிநாட்டுக்குப் போகக்கூடாது என்று மத்திய அரசு தடை போட்டுவிட்டது. குடோன் நிறைந்து மிச்சம் வீட்டுக்கு வந்தது. முதலில் ஹால், அப்புறம் மாடி, அப்புறம் கட்டிலுக்கு அடியில், கடைசியில் சாமி அறை. அழுகாமல் இருக்க ராத்திரி பகலாக ஃபேன் ஓட, தோல் பறந்து வந்து காப்பியில் விழுந்தது. குழல்வாய்மொழி ஒவ்வொரு தடவையும் வடிகட்டிக் கொடுத்தாள். உள்ளி நாற்றம் தாங்காமல் போய்விட்டாள் என்று தெருவில் பேசுகிறார்கள். அது பொய். அவளை விரட்டியது என்னுடைய வெளியுறவுக் கொள்கை.

பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன் அத்தான். தடை தடைதானாம், ஆனால் நட்பு நாடுகளுக்கு மட்டும் தனி அனுமதியாம். பூடானுக்கு உண்டு, மொரீஷியசுக்கு உண்டு. முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு யோசித்தேன். டெல்லிக்காரன் சும்மா செய்வானா, யாரால் என்ன காரியம் ஆகும் என்று பார்த்துத்தானே செய்வான்? வீணாகப் போவதை நாமும் அப்படிப் பார்த்துக் கொடுப்போமே என்று பேங்க் மேனேஜர் விஜயசங்கருக்கு இரண்டு மூட்டை அனுப்பினேன், கடனுக்கு அவகாசம் கிடைக்கும் என்று. மனுஷன் வாங்கிக்கொண்டு மறுவாரமே மாற்றலாகிச் சேலம் போய்விட்டார். புதிதாக வந்தவர் வெங்காயமே சாப்பிடாதவர். லாரியைத் திருப்ப எதிர்வீட்டு வாசல் தேவைப்படுகிறதே என்று அந்த வீட்டுப் பேராச்சிக்கு மூன்று மூட்டை கொடுத்தேன். அவள் அதை அப்படியே சந்தைக்குக் கொண்டுபோய், என் ஆட்கள் விற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குவித்துவைத்து, "அண்ணாச்சி கட உள்ளி, பாதி வெல!" என்று கூவி விற்றாள். என் சரக்கைச் சீந்த ஆள் இல்லை.

இவ்வளவு கொடுத்தும் உங்கள் வீட்டுக்கு ஒரு படிகூட வரவில்லை. குழல்வாய்மொழி கேட்டாள்: "ஊருக்கெல்லாம் வாரிக் குடுக்கீய, எங்க அண்ணன் என்ன பாவம் செஞ்சாவ?" நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அவியளால இப்போ நமக்கு ஆக வேண்டியது ஒண்ணும் இல்லியே, அடுத்த தடவ பாப்போம்" என்றேன். காப்பி வடிகட்டியை என் முன்னால் வைத்தாள். "உங்களால எனக்கும் ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அத்தான், நான் கடை திறந்த அன்றைக்குக் கூலி ஆள் வராமல் போனபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் மூட்டையைத் தோளில் சுமந்து இறக்கியவர் நீங்கள். அது எப்படி எனக்கு மறந்தது? வீடு நிறைய உள்ளி கிடக்கிறது, உள்ளித் தீயல் வைக்க ஆளில்லை. நேற்று நானே வைத்தேன், கரிந்துபோயிற்று. அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். யாராவது கேட்டால் உள்ளி உரித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கேட்கக்கூட வீட்டில் ஆளில்லை.

இனி எந்த மேனேஜரும் வேண்டாம், எந்தக் கொள்கையும் வேண்டாம். மூன்று மூட்டை, ஒன்றுகூட முளைவிடாததாக நானே உட்கார்ந்து பொறுக்கி, மூட்டைமேல் உங்கள் பெயரை மையால் எழுதிக் கட்டி வைத்திருக்கிறேன். நாளைக் காலை வேனில் நானே கொண்டுவருகிறேன். கொழும்புக் கப்பல் சுரண்டைக்கே வந்து நின்றாலும் அந்த மூன்றை எவனுக்கும் கொடுக்க மாட்டேன். அதே வேனில் அவளை அனுப்பி வையுங்கள்.

குற்றாலநாதர் உங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் காக்கட்டும். குழல்வாய்மொழி அம்மன் உங்களைக் காக்கட்டும், அந்தப் பெயர் வைத்திருக்கிறவள் என்னை மன்னிக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
தாணுமாலயன்

பி.கு.: மேலே கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடுவதற்குள் ஜஸ்டின் போன் செய்தான். தடையை நீக்கிவிட்டார்களாம். சாயங்காலமே லாரி வந்தது. நல்ல விலை, அத்தான். உங்கள் பெயர் எழுதிய மூன்றும் ஏறிவிட்டன. ஏற்றும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன், வேண்டாம் என்று வாய் வரவில்லை. கொழும்பில் யாரோ அடுத்த வாரம் இந்நேரம் உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கப் போகிறார்கள். கடிதத்தை மாற்றி எழுதிப் பார்த்தேன். மூட்டை இல்லாமல் மன்னிப்பு ஒட்டவில்லை. ஆகவே அப்படியே அனுப்புகிறேன். அவளுக்கு வாசித்துக் காட்டும்போது, தயவுசெய்து என் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.