படுக்கையறையில் ஆறுமணிக்குருவி

சட்னியில் உப்பே இல்லை என்று ஸ்ரீனிவாஸ் மனைவியிடம் குரலை உயர்த்திக்கொண்டிருந்தபோதுதான், திறந்திருந்த ஜன்னல் வழியாக அது படுக்கையறைக்குள் வந்து விழுந்தது. பச்சை முதுகு, நீல இறகு, சிவந்த அடிவயிறு. பீரோவுக்குக் கீழே தத்திப்போய் மூச்சு வாங்கியது.

"ஃபேனை நிறுத்து, ராமாமணி!"

பறவை பார்க்கும் நண்பர் கதிரேசன் போனில் சொன்னார். "ஆறுமணிக்குருவிங்க அது. இமயமலை அடிவாரத்துல இருந்து ராத்திரி ராத்திரியாப் பறந்து வலசை வருது, களைச்சுப் போயிருக்கும். ஜன்னலைத் தொறந்து வெச்சு, கதவைச் சாத்திப்போடுங்க. சாயங்காலம் வரைக்கும் தொறக்காதீங்க, சத்தமும் கூடாதுங்க."

ஸ்ரீனிவாஸ் மில்லுக்குப் போன் செய்து கிசுகிசுப்பாக லீவு சொன்னார். டிவி நின்றது. படுக்கையறை ஜன்னலுக்கு நேரே புறவாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பாவாத்தாளை, மிச்சத்தை மாலையில் தேய்க்கச் சொல்லி இருவருமாகக் கிசுகிசுத்து அனுப்பினார்கள்.

வாசல் மணி அடித்துவிடக் கூடாதென்று மின்சார மெயினையே அணைத்தார். மோட்டார் ஓடாமல் குழாயில் தண்ணீர் நின்றது. மணி அடிக்காததால் சிலிண்டர்காரர் கேட்டைத் தடதடவென்று தட்டினார். ஸ்ரீனிவாஸ் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு அவரை அனுப்பிவைத்தார், சிலிண்டரோடு. மதியம் அடுப்பு அணைந்தது.

சாத்திய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து இருவரும் வாழைப்பழம் சாப்பிட்டார்கள். முறுக்கு இருந்தது. கடித்தால் சத்தம் வரும்.

வெளியே ஐப்பசித் தூறல். கூடம் மங்கிக் கிடந்தது.

"எல்லாம் உங்களாலதானுங்க," என்று ராமாமணி கிசுகிசுத்தாள்.

"என்னாலயா?" என்று அவரும் கிசுகிசுத்தார். அந்தக் குரலில் சண்டை எடுபடவில்லை. இருவருக்கும் சிரிப்பு வந்தது.

"ஏனுங்க, ராத்திரியில அதுக்கு வழி எப்படிங்க தெரியும்?"

"நட்சத்திரத்தைப் பார்த்து வருமாம்."

"இத்தனை ஊட்டுல நம்ம ஊட்டைப் பார்த்திருக்குது பாருங்க."

அவள் அவர் தோளில் சாய்ந்தாள். அரைத்தூக்கத்தில், பெயர் தெரியாத ஆறுகளும் மலைகளும் இருவருக்கும் கீழே மெல்ல நகர்ந்துபோயின.

மாலை மங்கியதும் பூனை நடை நடந்து கதவைத் திறந்தார்கள். பீரோவுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"இத்தனை நேரம் இருந்துபோட்டு, சொல்லாமப் போயிருச்சுங்களே," என்று ராமாமணி கண் கலங்கினாள்.

மிச்சப் பாத்திரத்துக்கு வந்திருந்த பாவாத்தாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அது காலையில நீங்க கதவைச் சாத்துன கையோட பறந்துபோச்சுங்க அம்மணி, நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாம மெதுவாப் பேசி நான் பார்த்ததே இல்லீங்களா, அதான் சொல்ல மனசு வரலீங்க."